கிளுவை வேலிப் பச்சோந்தி

இஸ்திரிக் கடையில் சட்டைக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர் பாட்டிலை எடுத்துத் துணிமேல் புஸ் புஸ்ஸென்று தண்ணீர் அடித்தார். அவ்வளவுதான், பீளமேட்டு லைன் வீட்டில் நீங்கள் வேப்பங்கிளைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்துவிட்டது. கிண்ணத்தில் வைத்தால் பச்சோந்தி குடிக்காது, இலையில் சொட்டினால்தான் நக்கும் என்று கண்டுபிடிக்க நமக்கு மூன்று நாள் ஆனது. இப்போதெல்லாம் இந்த மாதிரிச் சின்னச் சத்தம்கூட என்னை உலுக்கிவிடுகிறது. சட்டையை வாங்காமலே வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரே மோட்டார் கம்பெனியில் இருவரும் செம்புக்கம்பிக் காயில் சுற்றினோம். வீட்டுக்கு வந்தால் நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் கடைசிவரை ஒருவரையொருவர் 'ங்க' போடாமல் பேசியதில்லை. மாசமாக இருந்த உங்கள் மனைவி ஒருநாள் விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு நீங்கள் ஷிப்டுக்கு வந்துவிட்டீர்கள். மத்தியானம் கம்பெனிக்கு ஆள் வந்து சொன்னார்கள், தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று. அதன்பின் ஒரு வருடம் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்து நான் பார்க்கவில்லை.

பிறகுதான் பச்சோந்தி வளர்க்கப் போகிறேன் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு. நாய், கிளி எல்லாம் சத்தம் போடும், அது தன்பாட்டுக்கு இருக்கும் என்றீர்கள். "ஊட்டுக்குள்ள ஏதோ ஒரு உசுரு அசைஞ்சாப் போதுமுங்க." பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம் என்பது அப்போது நம் இருவருக்கும் தெரியாது.

கொடுமுடியில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வலைக்கூண்டில் ஒரு ஜோடி வைத்திருந்தார். அவற்றின் முட்டைகள் அவர் வீட்டிலேயே பொரித்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். குஞ்சுகள் தீக்குச்சிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன. ஒன்று உங்கள் விரலில் ஏறி நின்று, காட்டிய ஈயை நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. உங்கள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் பிராய்லருங்க, நாலு நாள் தாங்காது. வேலியில வளந்ததுதான் நாட்டுக்கோழியாட்டம் நிக்கும்" என்றேன். ஊரெங்கும் பிராய்லர் பண்ணை வந்துகொண்டிருந்த காலம். நம் ஊர்க்காரனுக்கு எதையும் கோழியை வைத்துத்தான் எடைபோடத் தெரியும். "கூண்டுல பொறந்ததுக்கு வெளிய ஏக்கம் இருக்காதுங்களே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தீர்கள். பஸ்ஸில் வரும்போதும் நான் விடவில்லை. வழக்கம்போல் நீங்கள்தான் விட்டுக்கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம் கருமத்தம்பட்டியில் என் மச்சான் தோட்டத்துக் கிளுவைமுள் வேலியிலிருந்து ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். நல்ல பெரியது, வயிறும் பருத்திருந்தது. உச்சிக் கொம்பில் இருந்ததைப் பிடித்தேன் என்று சொல்லி, கையில் முள் கீறிய காயத்தையும் காட்டினேன். மரச்சட்டத்தில் நைலான் வலை அடித்து, சிமென்டுத் தரையில் நிறுத்தி, பாட்டில் தண்ணீரில் வேப்பங்கிளை சொருகி விட்டீர்கள். கம்பெனி விட்டதும் அதன் முன்னால்தான் டீ குடிப்பீர்கள்.

ஒரு வாரம் பூச்சி தின்றது. பிறகு வாயைத் திறக்கவில்லை. கிளையை விட்டு இறங்கி இறங்கி மூலையில் சிமென்டை முன்னங்காலால் கீறியது. வெளியே போகப் பார்க்கிறது, பழகிவிடும் என்று நான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் அதை எடுத்துக் கிளையில் விட்டீர்கள். நாலைந்து நாளில் அந்த மூலையிலேயே செத்துக் கிடந்தது. அதன் வயிற்றைத் தடவிய நீங்கள் என் விரலையும் பிடித்து அங்கே வைத்தீர்கள். உள்ளே மொச்சைக்கொட்டை மாதிரி முட்டைகள்.

"முட்டை வெக்க மண்ணுக் கேட்டிருக்குதுங்க. எனக்குத்தான் இந்தத் தடவையும் வெளங்காமப் போச்சு."

நான் கூண்டிலிருந்த வேப்பங்கிளையை உருவிக்கொண்டு வெளியே போனேன். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை நீங்கள். அதற்குப் பிறகு ஒரு மீன்கூட வளர்க்கவுமில்லை. போன ஐப்பசியில் உங்களை இடுகாட்டில் வைத்துவிட்டு வந்தபோதும் நான் இதைச் சொல்லவில்லை.

அது உச்சிக் கொம்பில் இல்லைங்க. வேலியடியில் மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது. பாதி உடம்பு உள்ளே, ஓடக்கூட இல்லை. கையை உள்ளே விட்டு எடுத்தபோதுதான் முள் கீறியது. தரையில் கிடந்தது என்றால் சீக்கு என்று ஒதுக்கிவிட்டுக் கொடுமுடிக் குஞ்சுக்கே போய்விடுவீர்கள் என்று பொய் சொன்னேன். முட்டைக்காகத்தான் பறித்தது என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் சிமென்டைக் கீறியபோது அந்தக் குழி என் நினைவுக்கு வந்தது. சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு தொட்டி மண் வைத்திருப்பீர்கள். சொன்னால் பொய் வெளியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் உங்கள் தலையில் போட்டுக்கொண்ட அந்தத் தப்பு என்னுடையதுங்க. இத்தனை வருடம் சுமந்துவிட்டு, கேட்க நீங்கள் இல்லாத பிறகு சொல்கிறேன்.