லேபிள் இல்லாத ஜப்பான் பாட்டில்

என் ஆசை மாமாவுக்கு,

போன இடத்தில் உங்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா? தெரிய வேண்டும். தெரிந்தால்தானே இதைப் படிக்க முடியும்? படித்துவிட்டு என்னைத் திட்டத்தான் போகிறீர்கள். திட்டுங்கள். உங்களிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது.

செய்தி இதுதான். விஷம் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் விட்டீர்களே, அதே வீட்டுக்குள் மறுபடியும் சரக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தது நம் பிள்ளை தினேசு.

அவன் குடிகாரன் ஆகவில்லை, பதறாதீர்கள். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறும் வேலையில் இருக்கிறான். அங்கேயே பாருக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஒவ்வொரு மதுவையும் மோந்து, ருசி பார்த்து, அது எப்படிப்பட்டது என்று சொல்லத் தெரிய வேண்டும். திங்கட்கிழமை பரீட்சை. பழகிக்கொள்ளட்டும் என்று அவன் மேனேஜர் ஒரு ஜப்பான் விஸ்கியைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். இருமல் மருந்து பாட்டில் போல இருந்தது. ஒரு லேபிள்கூட இல்லை, மாமா. உங்கள் பாக்கெட்டிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லையே.

சனிக்கிழமை சாயங்காலம் அதை எடுத்துக் கூடத்தில் வைத்தான்.

"இன்னாடா இது?"

"விஸ்கிம்மா. பிளெண்டட் மால்ட்டுன்னு பேரு. பார்லில செய்றது. வேற வேற ஆலைல செஞ்சத ஒண்ணாக் கலக்குவாங்க."

"கலக்குவாங்களா? கலந்ததுதான்டா உங்கப்பாவ வாரிக்கினு போச்சு!"

"ஐயோ, அது வேறம்மா, இது வேற."

வேறதான். ஆனால் உங்களுக்கும் அன்றைக்கு அது வழக்கமான பாக்கெட்டாகத்தானே தெரிந்தது?

அடி பெருத்து வாய் குறுகின ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சமாக ஊற்றினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். குடிக்கவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அப்படியே நீங்கள். நீங்கள் வேலை பார்த்த கச்சிராயபாளையம் ரோட்டு மண்டியில், மலையிலிருந்து வரும் பொருள்களை இறக்கும்போது தேன் டின்னை இப்படித்தானே மோந்து பார்ப்பீர்கள்? வெல்லப்பாகு சேர்த்திருந்தால் மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவீர்களே!

அப்பேர்ப்பட்ட மூக்குக்கே அந்த விஷம் தெரியவில்லை. பிள்ளையின் மூக்குக்கு மட்டும் தெரிந்துவிடுமா? அதை நினைத்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

"தேன் வாசன வருதும்மா. பேரிக்கா வருது. லேசாப் பொக. கடைசில சந்தனம், ஊதுவத்தி மாதிரி. அந்த ஊரு மரப் பீப்பாய்ல வருசக்கணக்கா ஊறுதுல்ல, அதான்." அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீ மோந்து பாரேன்."

மோந்தேன். ஊதுபத்தியேதான். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வீடு முழுக்க அடித்ததே, அந்த வாசனை.

"முழுங்க மாட்டேம்மா, ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன்," என்று சொல்லிக்கொண்டே டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனான். பிடுங்கினேன். கொட்டிவிடுவேன் என்று நினைத்திருப்பான். நான் குடித்துவிட்டேன், மாமா. ஒரே மடக்கு.

"அம்மா! இன்னா பண்ற நீ!"

"மீதிய மூடி வையி. காலைல எனக்குக் கண்ணு தெரிஞ்சா நீ வாயில வையி. தெரியலன்னா கழனில கொட்டிட்டு வேற பொழப்பப் பாரு."

தொண்டை எரிந்தது. அப்புறம், சிரிக்காதீர்கள், இனித்தது. இனித்ததும்தான் பயம் ஜாஸ்தியானது. உங்களுக்கும் கடைசியில் இனித்ததா?

தினேசு சோறு வேண்டாம் என்று சொல்லி என் பக்கத்திலேயே பாயைப் போட்டான். நான் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். தேதி தெரிகிறதா? தெரிகிறது. இப்போது? இப்போதும் தெரிகிறது. எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது.

விழித்தால் ஒரே இருட்டு. கையை முகத்துக்கு நேரே நீட்டினேன், தெரியவில்லை. தெருவில் பால் வண்டிச் சத்தம் கேட்கிறது. விடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன்.

"ஏன்டா இன்னும் லைட்டப் போடல?"

கத்தின பிறகுதான் உறைத்தது. அன்றைக்குக் காலையில், முகத்தில் வெயில் அடிக்கும்போது, நீங்கள் கேட்டதும் இதைத்தானே?

அதைப் பிள்ளையும் கேட்டவன்தான். அலறிக்கொண்டு எழுந்தான். இரண்டு கையாலும் என் முகத்தைத் தடவினான். தட்டுத்தடுமாறி செல்போனைத் தேடி எடுத்து லைட் அடித்தான். தெரிந்தது, மாமா. மூக்கு ஒழுக ஒழுக அழுதுகொண்டிருந்த அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கரண்டு போச்சும்மா. கரண்டுதான் போச்சு. ஜன்னலையும் சாத்திக்கினு படுத்துக்கினு இருக்கோம்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

பொழுது விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து ருசி பார்த்துத் துப்பினான். அழுது அழுது மூக்கடைத்துப் போய், தேனும் தெரியவில்லை, பேரிக்காயும் தெரியவில்லை. அவனுக்குக் கோபம். எனக்கு, அப்பாடா, பரீட்சையில் தோற்றுவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது?

தோற்கவில்லை. திங்கட்கிழமை போன் வந்தது. உங்கள் மூக்கு அவனைக் கரையேற்றிவிட்டது. இனி வேலையே அதுதான்.

"சந்தோசம்டா," என்றேன். "எதிர்ல இன்னா தெரியுது, சொல்லு."

அவன் நிதானமாகச் சொன்னான். "மஞ்சக் கலர் பஸ்ஸு நிக்குதும்மா. ஒரு அம்மா மல்லிப்பூ வித்துக்கினு இருக்காங்க. எல்லாம் தெரியுது. நீ அழுவாத."

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், மாமா. வேலை முடிந்ததும் தினமும் அவனிடம் இதைக் கேட்பேன். சலித்துக்கொண்டாலும் கேட்பேன். எதிரில் என்ன தெரிகிறது என்று அவன் சொல்லும்வரை இந்த வீட்டில் விளக்கை அணைக்க மாட்டேன்.

இன்னும் கண் தெரிகிற,
உங்கள் பெண்டாட்டி,
செல்வி