வாயைத் திறந்து உட்கார்ந்தவள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

இந்தக் காப்பகத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் தாமாகத்தான் சாப்பிட வேண்டும். சிந்தினாலும் சரி, யாரும் ஊட்ட மாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது. மூன்று வயது வாண்டு ஒருத்தி, என் பாப்பா மாதிரியே மூக்கைச் சுளித்து அடம் பிடிப்பாள். யாரும் பார்க்காதபோது பிசைந்து ஊட்டினேன். நாலு மாதம் ஊட்டினேன். என்னிடம் மட்டும் சமர்த்தாகச் சாப்பிடுகிறாள் என்று பெருமை வேறு.

போன வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். அவள் ஸ்பூனை வீசிவிட்டு, என் அறை வாசலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இரண்டு நாளும்.

பொறுப்பாளர் அம்மா என்னைத் திட்டவில்லை. "அடுத்த மாசம் நீ கிளம்பிடுவ. அப்புறம் இவளுக்கு யாரும்மா ஊட்டுறது?" என்று மட்டும் கேட்டார்.

பாப்பாவை உன்னிடம் விட்டு நான் புறப்பட்ட அன்று நீயும் அதைத்தானே கேட்டாய். "சேவை செய்யப் போறியாக்கும். இவளுக்கு யாருடி ஊட்டுவா?" நான் "ஆறு மாசம்தானே, நீ எதுக்கு இருக்க?" என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்று அந்த வாண்டு தானாகவே நாலு வாய் சாப்பிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நல்லதுதான்.

பாப்பா உன் கையால் சாப்பிடுகிறாளா? என்னைத் தேடுகிறாளா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை