கயிறு எட்டாத லெவல்

இலிகான், பிலிப்பைன்ஸ்,
அக்டோபர் 12

அன்புத் தம்பி ரோமெலுக்கு,

அக்கா ஜெனலின் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தைவானில் குளிர் தொடங்கிவிட்டதா? போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதித் தொலைக்கிறேன்.

எல்லோரும் விளையாடட்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் நீ செய்து வெளியிட்ட புதிர் லெவலை நானும் ஆடிப் பார்த்தேன். வெள்ளம் ஏறும் வீடு, அண்ணன், தம்பி, கூரையிலிருந்து தொங்கும் ஒரு கயிறு. பார்த்ததுமே நம் வீடு என்று தெரிந்துவிட்டது. பச்சை அலமாரியைக்கூட நீ விடவில்லை. தம்பியின் கையைப் பிடித்திருந்தால் கயிறு எட்டவில்லை. விட்டால்தான் எட்டுகிறது. எனக்கு விட மனசு வரவில்லை, திரும்பத் திரும்ப மூழ்கினேன்.

விளையாடியவர்கள் கீழே எழுதியிருப்பதையும் வாசித்தேன். அப்பப்பா, என்ன திட்டு! "சின்னவனக் காப்பாத்த வழியே வைக்கலியே, இதெல்லாம் ஒரு லெவலா?" என்று ஒருவன். "செஞ்சவனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல" என்று ஒருத்தி. அவள் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்! எப்பேர்ப்பட்ட லெவலையும் முடித்துவிடும் பெரிய ஆட்டக்காரராம், அவரும், "மூலைமுடுக்கெல்லாம் தேடிட்டேன், ரெண்டு பேரையும் கரையேத்தவே முடியாது" என்று எழுதியிருக்கிறார்.

செய்தவனே ஒருமுறை ஆடி முடித்துக் காட்டினால்தான் லெவலை வெளியிட விடுவார்களாமே. அப்படியானால் நம் கடைக்குட்டி டோடோயின் கையை நீ மறுபடியும் விட்டிருக்கிறாய். நம் வீட்டில் வெள்ளம் புகுந்த அன்று, அவனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றுதானே எங்களிடம் சொன்னாய்? இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தாய், பைத்தியக்காரா?

லெவலை நீக்கிவிடுகிறேன் என்று அவர்களுக்குப் பதில் போட்டிருக்கிறாய். நீக்காதே.

கோபித்துக்கொள்ளாதே, அம்மாவிடம் அவர்கள் எழுதியது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டேன். கயிற்றையும் கையையும் பற்றிச் சொன்னேன். அழுதாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இத்தன பேரு உக்காந்த இடத்துல தேடியும் கெடைக்காத வழி, கழுத்தளவு தண்ணில நின்ன என் புள்ளைக்கு எங்கடி கெடைக்கும்? விடாமப் பிடிச்சிருந்தான்னா நான் ரெண்டு கல்லறைக்கில்ல மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருப்பேன். அவன வரச் சொல்லு."

கல்லறைத் திருநாளுக்கு வந்துவிடு, தம்பி. அம்மா இப்போதே உனக்குப் பிடித்த பீகோ இனிப்புக் கிண்ட ஒட்டும் அரிசி வாங்கி வைத்துவிட்டாள். ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா ஜெனலின்