இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி நான்கு

குஜிலியம்பாறை ரோட்டுக் காடு,
கார்த்திகை இருபதாம் நாள்.

அன்பு மகன் விக்னேஷ்குமாருக்கு, அப்பா சோலைமுத்து சொல்லச் சொல்லப் பக்கத்துக் காட்டு இன்னாசியம்மாள் டீச்சர் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆடுகள் ஆறும் சுகம். ஓமனில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் கம்பெனி என்று வாயெடுத்தாலே, "விடுங்கப்பா, பெரிய ஆளுககிட்ட மோதாதீங்க" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. போன மாதம் நீ சொன்னதும் என் காதிலேயே இருக்கிறது. "கிணத்துல டீசல் நாத்தம் அடிக்கிற ஊருக்கு வந்து நான் என்னத்தப் பண்ண? இங்கயே இன்னும் மூணு வருச வேலைக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றாய். அதனால் கிணற்றுச் சங்கதியை அடியிலிருந்து சொல்கிறேன். முழுசாகப் படித்துவிட்டுப் பேனாவை எடு.

மாசியில், சிவராத்திரிக்கு மறுநாள் காலை, மேல்காட்டு வரப்பில் கம்பெனி தன் டீசல் குழாய்க்கு அடையாளமாக நட்ட கம்பத்தின் அடி மண் நனைந்து கிடந்தது. முகர்ந்தால் டீசல். பூமிக்குள் போகிற குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. கம்பெனி கொடுத்த காலண்டரில் இருந்த நம்பரைப் பார்த்து டீச்சர் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண், கம்பத்து நம்பர் என்ன என்று கேட்டது. அங்கேதான் என் வேலை என்னையே கடித்தது. பொங்கலுக்குக் கிணற்றுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, களம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தேன் அல்லவா, அந்தக் கையோடு கம்பத்துக்கும் இரண்டு பூச்சு அடித்துக் காவிப் பட்டையும் போட்டுவிட்டேன். நம் காட்டில் நிற்கிறதே, அதை மட்டும் எப்படி விடுவது? நம்பர் பூச்சுக்கு அடியில் போய்விட்டது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "இருநூத்திப் பன்னெண்டு புள்ளி நாலுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன். கம்பம் நட்ட அன்று மேஸ்திரி அந்த நம்பரைப் போனில் யாருக்கோ மூன்று தடவை கத்திச் சொன்னான். அன்றுதான் நம் செவலைப் பசு கன்று ஈன்றது. பதினாலு வருஷம் ஆகிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

மத்தியானமே ஆட்கள் வந்தார்கள். தோண்டிக் குழாய்க்குப் பட்டை போட்டு அடைத்தார்கள், மண்ணைச் சாக்கில் அள்ளினார்கள். ஐம்பது லிட்டர் கசிந்தது, மண்ணோடு சரி, தண்ணீருக்குப் பாதிப்பில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கிணறு சுத்தமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஆடுகள் தொட்டியில் வாய் வைக்காமல் திரும்பின. எட்டிப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஏடு மிதக்கிறது. நான்கு நாள் கழித்து டீச்சர் கிணற்றிலும் அதே கதை. திரும்பப் போன் போட்டோம். "அதான் ரிப்போர்ட் குடுத்து முடிச்சாச்சே ஐயா" என்றார்கள். முடிந்தது உங்களுக்கு, எங்களுக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றேன். பங்குனி முடிவதற்குள் ஏழு தடவை சொன்னோம். ஒருவரும் வரவில்லை. குடிக்க, ஆட்டுக்கு வைக்க எல்லாவற்றுக்கும் உன் அம்மா ரோட்டுக் குழாயில் பிடித்துக் குடம் குடமாகச் சுமந்தாள். மிளகாய்ச் செடி நின்றபடியே காய்ந்தது. இதையெல்லாம் உன்னிடம் நான் சொல்லவில்லை.

சித்திரையில் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் கூட்டம். வேடசந்தூர் மில் பஸ் டிரைவர் தெரிந்தவர், என்னையும் டீச்சரையும் ஏற்றிக்கொண்டார். கூட்டத்துக்குக் கம்பெனி அதிகாரி பழனிக்குமார் பெரிய ரிஜிஸ்டரோடு வந்திருந்தார். எங்கள் காடு இருநூற்றுப் பதினாலு புள்ளி இரண்டில் இருக்கிறதாம், மாசியில் குழாயை அடைத்ததும் அந்த நம்பரில்தான் என்று எழுதியிருக்கிறதாம். நாங்கள் தப்பான நம்பர் சொன்னோமாம். பன்னிரண்டு புள்ளி நாலுக்கு ஏழு தடவையும் ஆள் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறதாம். அதோடு விடவில்லை. "கையெழுத்துப் போடத் தெரியாதவர் புள்ளிக் கணக்குச் சொன்னா எப்படி சார் நம்புறது?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் எழுந்தேன். ஏழு தடவையையும் வரிசையாகச் சொன்னேன். முதல் தடவை கரண்ட் போன வியாழக்கிழமை காலை, போனை எடுத்தவர் பெயர் முகேஷ்குமார், அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டாவது தடவை ஒரு பெண், பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை, "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டது. மூன்றாவது தாடிக்கொம்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள். இப்படியே ஏழும். பழனிக்குமார் ரிஜிஸ்டரைப் புரட்டப் புரட்ட நான் முந்திக்கொண்டே போனேன். சிரித்தவர்கள் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து இன்ஜினியர் தேவதர்ஷினி என்று ஒரு பொண்ணு, உன் வயதுதான் இருக்கும். கசிவு பற்றிப் புதிதாக எது தெரிந்தாலும் பழைய ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுக்கத்தான் வேண்டும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, "வாங்க, கம்பத்தையே கேட்டுருவோம்" என்றது.

மறுநாள் எல்லாரும் நம் காட்டில். பழனிக்குமார் கம்பத்தைப் பார்த்ததும், கம்பெனிக் கம்பத்தில் பூசியது குற்றம் என்றார். பூசியது நான்தான், மறைக்கவில்லை என்றேன். சுரண்டினால் சுண்ணாம்போடு எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும், பிறகு எப்படித் தெரியும் என்றார். அப்போது உன் அம்மா, "எதுக்குச் சுரண்டணும்? செத்த நேரம் இருங்க, வாரேன்" என்று வீட்டுக்குள் போனாள். குழம்புக்கு ஊற வைத்திருந்த புளியும் தேங்காய் நாருமாக வந்து, பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரிக் கம்பத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து வழிந்தது. உள்ளே கறுப்புப் பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. இன்ஜினியர் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி நான்கு.

பிறகு அந்தப் பொண்ணு பழனிக்குமாரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டது. "இந்தக் கம்பத்துக்கு ஏழு தடவை வந்து பாத்தோம், ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கீங்க. கிணறு இங்கருந்து நாப்பது அடி. வந்தவங்க கண்ணுல படலையா சார்?" அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். உன் அம்மா விடவில்லை. "புளி மிச்சம் இருக்கு. உங்க ரிஜிஸ்டரையும் தேய்ச்சுத் தரவா அப்பு?" என்றாள். டீச்சர் சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டது. இதை எழுதும்போதும் சிரிக்கிறார்.

அதற்குப் பிறகு மளமளவென்று நடந்தது. திருத்திய ரிப்போர்ட் வந்தது. அதை வரப்பில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினார்கள், இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லவில்லை. கசிந்தது ஆயிரத்து நூறு லிட்டர், பாதித்த கிணறு இரண்டு, சுத்தம் செய்யும் பொறுப்பு கம்பெனியுடையது. கிணறு சுத்தமாகும் வரை தினமும் தண்ணீர் லாரி வந்தது. கிணற்றை ஒன்பது தடவை இறைத்துக் கழிவை லாரியில் கொண்டுபோனார்கள். மேல்காட்டில் ஆள் உயரத்துக்கு மண்ணை மாற்றினார்கள். ஐப்பசியில் நல்ல மழை. இரண்டு பரிசோதனையிலும் எண்ணெய் இல்லை என்று போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. விவசாயத்துக்குத் தாராளமாக இறைக்கலாம், குடிப்பதற்கு இன்னும் ஒரு பரிசோதனை பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறது. ஆடுகள் காத்திருக்கவில்லை, அன்றே தொட்டியைக் காலி செய்துவிட்டன.

டீச்சருக்குக் கை வலிக்கிறதாம். ஒரு விஷயம் மட்டும் பாக்கி. தைப் பட்டம் நெருங்குகிறது. மேல்காட்டில் இரண்டு உழவு ஓட்டிப் போட்டிருக்கிறேன். நான் சின்ன வெங்காயம் என்கிறேன், உன் அம்மா கத்தரி என்கிறாள். அந்தக் கோபத்தில் இரண்டு நாளாகச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் உப்பில்லை. புது மண் எதற்குத் தோதுப்படும் என்று நீதான் சொல்ல வேண்டும். கையில் அள்ளிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று நீ கேட்டால், அதுவும் நியாயம்தான். அதுவரைக்கும் விதை வாங்காமல் வைத்திருக்கிறேன்.

சௌந்தரராஜப் பெருமாள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா சோலைமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)