சென்ட் போல்ஸ் படியில்

ஒக்டோபர் 11, சனி

அப்பா போய் இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். அண்ணா ஊருக்குப் போய்க் கொள்ளி வைத்தார். என் விசா விண்ணப்பம் முடிவாகாததால் நான் செத்தவீட்டை ஃபோனில் பார்த்தேன். இன்னும் அழவில்லை.

அறைக்குள்ளேயே கிடக்கிறேன் என்று அண்ணி இன்று லண்டன் பார்க்கக் கூட்டிப் போனார். வந்து ஏழு மாதமாகியும் நான் எதையும் பார்த்திருக்கவில்லை. ஆறு, பாலம், மணிக்கூண்டு எல்லாம் படத்தில் இருப்பது போலவே இருந்தன. அண்ணி சொன்ன இடங்களில் நின்றேன்.

சென்ட் போல்ஸ் தேவாலயத்தின் படிகளில் ஏறும்போது கால் நின்றுவிட்டது.

"அண்ணி, துடக்கெல்லோ. நான் உள்ளுக்கு வரேல்லை."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும்தான் துடக்கு. இதென்ன ஆர்ச்வே முருகன் கோயிலே? வெள்ளைக்காரன்ரை சாமிக்கு உதெல்லாம் தெரியாது. வாரும்."

"ஏலாது அண்ணி. நீங்கள் பாத்திட்டு வாங்கோ."

சாவு நடந்த வீட்டார் முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் போகக்கூடாது என்ற இந்தத் துடக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்காக அப்பாவோடு எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு மணிநேரம் அந்தக் குளிர்ந்த படியில் இருந்தேன். யாரோ ஒரு குடும்பம் தங்களைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன்.

"உள்ளுக்கு என்ன வடிவு தெரியுமே? அநியாயமா விட்டிட்டீர்" என்று அண்ணி திரும்பி வந்தார்.

அப்பாவுக்கென்று நான் செய்தது அந்த வாசலுக்கு வெளியே இருந்தது மட்டும்தான். முப்பத்தோராம் நாளோடு துடக்குக் கழிந்துவிடும். பிறகு செய்வதற்கு அதுவும் இருக்காது.