சிவப்புப் பொட்டு வைத்த கடிகாரம்

மாமே,

நேற்று காலை கடையைத் திறந்து ஊதுவத்திகூட ஏற்றவில்லை, அந்தக் கடிகாரம் வந்து நின்றது. பழைய கம்பளிப் போர்வையில் சுற்றி ஒரு இளைஞன் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் அவன் அம்மா. போர்வையை விலக்கியதும் தேக்கு வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்து முகத்தில் அறைந்தன. கதவைத் திறந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைத் தொலைக்காட்சியிலிருந்து கீழே இறக்கிவிட்ட கடிகாரம் அது.

அந்த அம்மா இப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இல்லையாம். திருமுல்லைவாயிலில் மகன் வாங்கிய புது ஃப்ளாட்டில் இருக்கிறார். ஹாலில் இதை மாட்டப் போகிறார்கள். "உங்க பார்ட்னர் கழட்டினாரே, எங்க மாமனாரோட அப்பா காலத்து மிஷின், அது இன்னும் இருந்தா குடுத்துடுங்க தம்பி. அதைப் போட்டு மாட்டினா எங்க வீட்டுக்காரர் ஆத்மா குளிரும்" என்றார். நீ போய்விட்டாய் என்று சொன்னேன். அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் உட்காரவில்லை. கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மிஷினத் திருடினது இந்தக் கடைதானேம்மா, இவங்ககிட்டயே மறுபடியும் குடுக்கறியா?" என்று என் காதில் விழும்படியே கேட்டான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? அப்படி ஒரு மிஷின் உலகத்திலேயே கிடையாது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. நீயோ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். சாயங்காலம் வருகிறோம், தேடிவையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். நான் கடிகாரத்தை வேலை மேஜையில் வைத்துவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தேன்.

எல்லாம் அந்த சீரியல்காரர்களால் வந்தது. பழைய பங்களா காட்சிக்கு நாற்காலி, பீரோ வாடகைக்கு வேண்டும் என்று நம் குமணன்சாவடி பழைய சாமான் கடைக்கு வந்தார்கள். வந்த இடத்தில் கிராமபோனைப் பார்த்து இது மன்னர் காலத்தது என்று ஒருவர் அளக்க, நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இன்னா சார், மன்னரு ஊட்ல கரண்டே இல்ல, இது கரண்ட்ல ஓட்றது" என்றாய். அந்தக் கூட்டத்தில் ஒரு தயாரிப்பாளர் இருந்தார். அடுத்த மாதமே உன் கன்னத்தில் பவுடர் ஏறிவிட்டது.

முதலில் உன்னைச் செந்தமிழ் பேசச் சொன்னார்கள். செய்தி வாசிப்பவர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றாய். நானும் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், பவுடர் பூசிய பூசணிக்காய்க்கு யாரோ டை கட்டிவிட்டதுபோல் இருந்தது. அப்புறம் அவர்களே சலித்துப்போய் உன் பேச்சிலேயே பேசு என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. 'பரணில் என்ன?' என்று நிகழ்ச்சிக்குப் பெயர். ஜனங்கள் வீட்டுப் பரணிலிருந்து பழைய சாமான்களைக் கொண்டுவருவார்கள். நீ அதைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எந்தக் காலம், எங்கே செய்தது, எது அசல், எது பின்னால் ஒட்டியது என்று நேரலையில் சொல்லுவாய். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்றால் "பரண் சார்" என்று கைகொடுக்க ஆள் வரும். மேனாம்பேட்டில் உன் தெருவுக்கே 'பரண் சார் தெரு' என்றுதான் ஆட்டோக்காரர்கள் பேச்சு. உனக்குத் தலைக்கனம் வரவில்லை, ஆனால் தலைக்கு மை மட்டும் தவறாமல் அடித்தாய்.

நிகழ்ச்சி முடிவில் எப்போதும் ஒன்று சொல்லுவாய்: "பொருள் பொய் சொல்லாதும்மா, கூட வர்ற ஆளுதான் சொல்லுவான்." கூட்டம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்தச் சிவப்புப் பொட்டு விஷயம் நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் எங்கே போகும். பழைய வீடுகளை இடிக்கும்போது நமக்கு வரும் கடிகாரம் எதுவும் முழுசாக வராது. பெட்டி நன்றாக இருந்தால் மிஷின் துருப்பிடித்திருக்கும், மிஷின் ஓடினால் பெட்டி செல்லரித்திருக்கும். ஒன்றின் பெட்டியில் இன்னொன்றின் மிஷினைப் பொருத்தி ஓடவைப்போம். வாங்குகிறவரிடம் பெட்டி ஒன்று, மிஷின் ஒன்று என்று சொல்லியே விற்போம். அப்படிச் சேர்த்த எல்லாவற்றிலும் உள்ளே, பெண்டுலம் தொங்கும் இடத்துக்குப் பின்னால், சிவப்பு அரக்கில் சின்னதாக ஒரு பொட்டு வைப்பாய். வாங்குகிறவருக்காக அல்ல, நமக்காக. காலம் போய் அதே பொருள் திரும்பி வந்தால், நாம் செய்ததை அசல் என்று நாமே நம்பிவிடக் கூடாதே. நீ வேலையில் அவ்வளவு சுத்தமானவன். அதனால் உன்னையே நீ நம்பமாட்டாய். கடையில் எந்தக் கடிகாரம் வந்தாலும் முதலில் கதவைத் திற, பிறகு வாயைத் திற என்பது உன் சட்டம்.

டிவிக்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். உள்ளே இருப்பதைக் கடைசியில் காட்டினால்தான் சுவாரசியமாம். முதலில் வாய், பிறகு கதவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா இந்தக் கடிகாரத்தோடு வந்தார். கணவர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் காலமாகிவிட்டார் என்று அவருடைய போட்டோவையும் கையில் வைத்திருந்தார். கடிகாரம் கணவருடைய தாத்தா பர்மாவிலிருந்து வரும்போது கப்பலில் கொண்டுவந்தது. சாவி கொடுப்பது கணவர் மட்டும்தான், வேறு யாரையும் தொடவிட மாட்டார். இதையெல்லாம் அந்த அம்மா சொல்லச் சொல்ல உன் முகம் மலர்ந்தது. பெட்டியைத் தடவினாய், நல்ல பர்மா தேக்கு, பெட்டி பழசுதான், அதில் சந்தேகமில்லை. "அம்மா, ஒங்க ஊட்ல கீறது கடிகாரம் இல்ல, பொக்கிஷம். முழுசா அசல்" என்றாய். கைதட்டல். அப்புறம் கேமரா கிட்டே வந்தது. நீ கதவைத் திறந்தாய்.

நான் நின்ற இடத்தில் இருந்த சின்னத் திரையில் மிஷின் பெரிதாகத் தெரிந்தது. அதன் பின்னால் சிவப்புப் பொட்டு. உன் கை கதவிலேயே நின்றுவிட்டது. நீ அந்த அம்மாவின் கையில் இருந்த போட்டோவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நல்லவேளையாக விளம்பர இடைவேளை விட்டார்கள்.

ஒரு தூணுக்குப் பின்னால் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். கதவை மூடிவிட்டுச் சும்மா இரு, அசல் என்று சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்றேன். நீ தலையாட்டவில்லை. "மச்சான், அந்த போட்டோல கீற ஆள எனக்குத் தெரியும். நம்ம கடைல வாங்கினு போனவரு. பொஞ்சாதி ஊட்ல எல்லாம் கீது, என் பக்கம் சொல்லிக்க ஒண்ணுமில்ல, இத்த தாத்தா கடியாரம்னு சொல்லிக்கிறேன்னு சிரிச்சினே சொன்னாரு" என்றாய்.

அப்படியானால் வாயே திறக்காதே என்றேன். மிஷினைக் கேமரா காட்டிவிட்டது, பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பார்க்கிற வியாபாரி எவனாவது சொல்லிவிடுவான், நாளைக்கே அந்த அம்மாவிடம் உன் புருஷன் டுபாக்கூர் என்பான் என்றாய். உண்மையைச் சொன்னாலும் அதே கதிதான். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாய்.

"என்ன மன்னிச்சுரும்மா. ஒங்க ஊட்டுக்காரு இத்த ரிப்பேருக்கு எங்ககிட்ட குட்த்தாரு. உள்ள இருந்த பழைய மிஷின நான் எட்த்துகினேன். வேற ஒண்ண போட்டுக் குட்த்தேன், அவருகிட்ட சொல்லல. கடியாரம் ஒங்க ஊட்டுக்காரு தாத்தாவோடதுதான். திருடன் நான்தான்."

அந்த அம்மா போட்டோவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அழுதார், கோபத்தில் அல்ல. கடிகாரம் கணவருடையதுதான் என்று ஊரறியச் சொல்லிவிட்டாய், அது போதும் அவருக்கு.

உனக்குத்தான் போதவில்லை. அந்த நிகழ்ச்சியே உன் கடைசி நிகழ்ச்சி ஆயிற்று. நம்பிக்கையை வைத்து ஓடும் நிகழ்ச்சிக்குத் திருடனை வைத்துக்கொள்ள முடியுமா என்று சேனல்காரர்கள் கேட்டது நியாயம்தான். கைகொடுத்த அதே பஸ் ஸ்டாண்டில் இப்போது முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ரேடியோ ரிப்பேருக்குக் கொடுக்க வந்தவர் உள்ளே இருப்பதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்ட பிறகே கொடுத்தார். நம் கடையில் யாரையும் நாம் ஏமாற்றியதில்லை, மாமே. ஒரு ஆணியைக்கூட ஏமாற்றி விற்றதில்லை. அந்தப் பெயரை நீ ஒரே வாக்கியத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாய். நீ செய்தது தப்பு என்று அன்றைக்கு வண்டியில் வரும்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஈரத்துணியால் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். "போனது என் பேருதான மச்சான். நான் உயிரோட கீறேன், மறுபடி சம்பாரிச்சுக்குவேன். அந்தாளு திரும்பி வந்து தன் பேரக் காப்பாத்திக்க முடியுமா?"

எங்கே சம்பாதித்தாய்? அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நெஞ்சுவலி என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்களிலேயே இரண்டு பேர், "பாவம், அந்த மிஷின் விஷயம்தான் மனசை அரிச்சிருக்கும்" என்று பேசிக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய் நின்றேன்.

நேற்று முழுக்க இதுதான் மண்டையைக் குடைந்தது. அந்தாள் திரும்பி வரமுடியாது என்றாயே, இப்போது நீயும் திரும்பி வரமுடியாதே. உன் பெயரை யார் காப்பாற்றுவது? நான் ஒருவன்தான் மிச்சம். சாயங்காலம் அந்த அம்மாவை உட்காரவைத்து, அம்மா, என் நண்பன் திருடனில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மகன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா போட்டோவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டதுதான் குறுக்கே வந்தது.

கடைசியில் எழுந்துபோய்ப் பின்கட்டில் மிஷின்கள் கிடக்கும் மரப்பெட்டியைக் கவிழ்த்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான். பெட்டிக்குப் பொருந்துகிற பழைய மிஷின் ஒன்று, நீ எப்போதோ சுத்தம் செய்து துணியில் சுற்றிவைத்தது, கிடைத்தது. உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினேன், எண்ணெய் விட்டேன், பெண்டுலத்தைத் தட்டிவிட்டேன். ஓடியது. மணி அடிக்கவைத்துப் பார்த்தேன், கணீரென்று இருந்தது. பிறகு உளியின் முனையால் அந்தச் சிவப்புப் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். இனிமேல் அந்தக் கடிகாரம் நம் கடைக்கே வந்தாலும் நமக்கே தெரியாது. அதற்காகத்தான் சுரண்டினேன்.

இருட்டும் நேரத்தில் வந்தார்கள். இதோ இருக்கிறது அம்மா, தேடி எடுத்தேன் என்றேன். மகன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போர்வையைச் சுற்றினான். கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அம்மா மட்டும் வாசலில் நின்று திரும்பினார். சுவரில் மாலை போட்டிருக்கும் உன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எடுத்தாலும், விக்காம பத்திரமா வச்சிருந்தாரே தம்பி" என்றார்.

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மாமே. விழுங்கினேன்.

"ஆமாம்மா" என்றேன்.