இனாம் கச்சேரியும் மாமன் வயிற்றெரிச்சலும்

சூலூர்,
தாது வருஷம் தை மாதம் 14.

சென்னப்பட்டணத்தில் பகலில் குமாஸ்தாவாகவும் சாயங்காலத்தில் சங்கீத மகாராஜாவாகவும் வாழ்ந்துவரும் மருமகன் திருமூர்த்திக்கு, உன் தகப்பனார் போன நாள் முதல் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனும், சூலூர் தொடங்கித் துடியலூர் வரைக்கும் தன்னை விட்டால் தாளம் போட ஆளில்லை என்று பேர் வாங்கினவனுமாகிய மாமன் குமாரசாமி அனேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவும் இரண்டு எருமைகளும் சௌக்கியம், என்னை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. உன் சௌக்கியத்தை நான் விசாரிக்கப்போவதில்லை, மார்கழி பூராவும் எத்தனை சௌக்கியமாக இருந்தாய் என்று ஆறு பக்கத்துக்கு நீயே எழுதி அனுப்பிப்போட்டாய். அதைப் படித்ததிலிருந்து என் வயிற்றில் எரிகிற எரிச்சலுக்குக் கம்பி போட்டு இழுத்தால் பைக்காராவிலிருந்து மின்சாரமே வரவேண்டியதில்லை, கோயமுத்தூர் மில்லுகள் அத்தனையும் ராப்பகலாக ஓடும். சபைக் கொட்டகைத் தட்டிக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றால், உள்ளே முன்வரிசைக்காரனுக்குக் கேட்கிறதைவிட நன்றாகக் கேட்கிறது என்கிறாய். பல்லவி முடிந்ததும் டிக்கெட்டு கிழிக்கிறவர் காப்பி குடிக்கப் போய்விடுவார், அப்புறம் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம் என்கிறாய். உன் அறைக்கு நாலாவது வீட்டிலே பிடில் வித்துவான் ஒருத்தர், காலையில் அவர் சாதகம் பண்ணுகிறபோது தெருவில் மெதுவாக நடந்தால் ஒரு வர்ணம் பூராவும் கேட்டுவிடலாமாம். திருவல்லிக்கேணிக் கோயில் உற்சவத்தில் பந்தல் போட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்தே பாடுகிறார்களாம். இத்தனையும் யாருக்கு? தோடிக்கும் பைரவிக்கும் வித்தியாசம் கேட்டால் எருமையைப் பார்த்து முழிக்கிற உனக்கு. பாட்டு ரொம்பத் தித்திப்பாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய், அது என்ன பாட்டா அதிரசமா. எனக்கு வரவேண்டிய பார்சலை ரயில்வேக்காரன் உன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான், வேறென்ன சொல்ல.

இனிமேல் எழுதுவதைக் கோபித்துக்கொள்ளாமல் படி. நீங்கள் பார்த்துவைத்திருக்கிற சிங்காநல்லூர் மில் ஆபீஸ் வேலை எனக்கு வேண்டாம் மாமா, இந்த ஊரே பிடித்துப்போய்விட்டது, அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தாய். நான் சொல்லவில்லை. அதோடு நிற்காமல் போன சனிக்கிழமை மில் மானேஜரிடம் போய், பையன் தை முடியறதுக்குள்ள வந்து சேர்ந்துருவானுங்க என்று வாக்கும் கொடுத்துப்போட்டேன். மவன் கண்ணு முன்னால இருக்கோணும் என்று உன் அம்மா தினம் மூக்கைச் சிந்துகிறாள், அது பாதிக் காரணம். எனக்குக் கிடைக்காத பாட்டு உனக்கும் கிடைக்கக்கூடாது என்பது மீதி முக்கால்வாசிக் காரணம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்றால், கோயமுத்தூரில் மில் முதலாளி ஒருத்தர் வீட்டுக் கல்யாணம், தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவானை வரவழைத்துச் சாயங்காலம் கச்சேரி வைத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பெண் யார் மாப்பிள்ளை யார் எனக்குத் தெரியாது, ராகம் தெரியும் அது போதும் என்று சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பட்டணத்தில் நீ செய்கிறதை நான் இங்கே செய்யமுடியாதா என்கிற வீம்பு. பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு சுப்பண்ணன் என்கிற பெண்வீட்டுப் பெரியவர், ஏனுங்க இத்தனை நேரம், மொதல்ல சாப்புடலாம் வாங்க என்று கையைப் பிடித்தார். நான் பாட்டுக் கேக்கத்தானுங்க வந்தேன் என்றேன். பாட்டு எங்கீங்க ஓடிப்போகுது, சோறுதானுங்க ஆறிப்போகும் என்றார். சாப்பிட்டாயிற்று என்று துணிந்து புளுகினேன். அது உங்க ஊட்டுலீங்க, எங்க ஊட்டுல இன்னும் சாப்புடலீங்களே என்றார். நீங்க யாருங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாலக்காடு வரைக்கும் ஓடியிருப்பேன், அதை மட்டும் அந்த மனுசன் கேட்கவேயில்லை. பின்கட்டில் இலை முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தோடி ஆலாபனை ஆரம்பமாயிற்று, இந்தப் பக்கம் நூறு பேர் அப்பளம் நொறுக்குகிறார்கள். வித்துவான் மேலே போகப் போக எனக்கு நாலாவது தடவை சாம்பார் வருகிறது. பாதியில் எழுந்துவிடலாம் என்றால் பந்தியிலே மூத்தவர் எழுந்திருக்காமல் மற்றவர் எழுந்திருக்க முடியுமா. எங்கள் பந்திக்கு மூத்தவர் என் பக்கத்து இலை, வாயில் ஒரு பல் கிடையாது, ரசத்துக்கே அரை யுகம் எடுத்துக்கொண்டார், மோருக்கு வருவதற்குள் நான்கு வேதமும் ஓதி முடித்திருக்கலாம். அவர் கை கழுவி நான் பந்தலுக்கு ஓடினபோது மங்களம் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சுப்பண்ணன் தேங்காய்ப் பையைக் கையில் கொடுத்து, பாட்டு நல்லாக் கேட்டீங்களா என்று வேறு விசாரித்தார், சாப்பாடு பிரமாதமுங்க என்றேன்.

ஆனால் அந்த மோரை நான் குடிக்கவில்லை கண்ணு. பக்கத்தில் காலியாகக் கிடந்த ஓர் இலையைப் பார்த்தேன், அடுத்த தையில் அதிலே நீ உட்கார்ந்திருப்பாய் என்று தோன்றிப்போயிற்று. ஒரு காது சுவரிலும் ஒரு காது பந்தியிலுமாக, என்னைப்போலவே சிரித்துச் சமாளித்துக்கொண்டு. உன்னை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தவன் நான்தான் என்று நினைத்ததும் இலையை மடித்துப்போட்டேன்.

நேற்றுக் காலை மானேஜரிடம் போய், பையன் வரமாட்டானுங்க, நான் சொன்னது தப்புங்க என்று வாக்கைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். பெரிய மனுசன் பேச்சு மாறலாமுங்களா என்று மேலும் கீழும் பார்த்தார். தலையைக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை, எருமையைப் பார்த்து, பசிச்சா வந்து சாப்புடச் சொல்லு உங்க எசமானரை என்கிறாள். இன்று காலையில் அதே எருமையிடம், அந்த ஊருல அவன் வேளைக்குச் சாப்புடறானான்னு கேட்டு எழுதச் சொல்லு என்றாள், ஆகவே பாதி இறங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடுதாசி உடனே போடு, கச்சேரியைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம், சாப்பிடுகிறேன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன் சித்திரைக்கு வாரேன் என்று மட்டும் எழுது. தட்டி ஓரத்தில் நிற்கிறபோது காதுக்குத் துணியைச் சுற்றிக்கொள், பனிக்கு ஆகாது.

எரிச்சல் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, கையெழுத்துப் போடுகிற இந்த நிமிஷமும் எரிகிறது. நீ தீர்க்காயுசாக, காதும் காலும் உரமாக, அந்த ஊரிலேயே இரு. ஆனால் ஒன்று, அறுபது வயதில் நான் போய்த் தலைகுனிந்து திரும்ப வாங்கிவந்த வாக்கு அது. ஊரெல்லாம் பாட்டு நடக்கிற ஒரு சாயங்காலத்தில் நீ சோம்பல்பட்டு அறையிலே படுத்திருந்தாய் என்று என் காதில் விழுந்தால், அடுத்த ரயிலேறி வந்து உன்னை இழுத்துக்கொண்டுபோய் அந்த மில் ஆபீஸ் நாற்காலியில் நானே உட்காரவைப்பேன்.

இப்படிக்கு,
வயிறெரிந்து வாழ்த்தும் உன் மாமன்,
குமாரசாமி.